லோரி கியூவை அட்டவணையாக்குவது எப்படி? ஆர் மொழியில் முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊருக்கு இப்போதைய பெயர் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் மாற்றினார்கள். ஆனால் பெரியவர்கள் வாயில் இன்றும் வருவது பத்தாங் பெர்ஜுந்தைதான். மலாயாவில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்டது 1917-இல். நட்ட இடம் இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம். பெயரைப் படித்தாலே அதில் தமிழ் இருப்பது தெரியும். இங்கே காலையில் ரோட்டுக்கு வந்தால் பழக்குலை ஏற்றிய லோரிகள் ஆலைப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்றை என் அப்பா பல வருஷம் ஓட்டினார். ட்ரிப் கணக்கில்தான் அவருக்குச் சம்பளம். ஆலை வாசலில் கியூ நீண்டால் அன்றைக்கு ஒரு ட்ரிப் குறையும், வீட்டுக்கு வரும் வெள்ளியும் குறையும்.

அதனால்தான், ஆர் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொண்டு ஓர் ஆலையின் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடும் வேலை கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கியூவில் இருந்த தகவலை அட்டவணையாக மாற்றி, சராசரியைப் போட்டு, தாளை எடுத்துக்கொண்டு, லோரி எடையைப் பதியும் குமாஸ்தாவான எடை மேடைக் கிராணியிடம் போனேன். அவர் ஒரு தடவை பார்த்தார்.

"தங்கச்சி, இருபதாம் நம்பர் டோக்கன் எங்க?"

"அது இன்னும் இறக்கலண்ணே. முடிஞ்ச லோரிய மட்டும்தான் எடுத்தேன்."

"அந்த டிரைவர்தான் இன்னிக்கு ரொம்ப நேரமா நிக்கிறாரு. அவர விட்டுட்டு என்ன கணக்கு போட்டீங்க?"

ஜன்னல் வழியே பார்த்தேன். அந்த லோரி அங்கேயேதான் நின்றது. கியூவை அட்டவணையாக்க ஒரே ஒரு கட்டளை போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு இந்த மாற்றத்தை நான் செய்யும் முறையே வேறு. அந்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை எங்கள் வகுப்பில் வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

கியூ வேறு, அட்டவணை வேறு

கியூ என்றால் முதலில் வந்தவர் முதலில் போவது. பின்னால் சேர்க்கலாம், முன்னால் இருந்து எடுக்கலாம், முன்னால் நிற்பது யார் என்று எட்டிப் பார்க்கலாம். அவ்வளவுதான். நடுவில் இருப்பவரைக் கேட்க அதற்குத் தெரியாது. "தோட்டத்தின் பிரிவு 3-லிருந்து வந்த லோரிகள் எத்தனை?" என்றால் பதில் சொல்லாது.

அட்டவணைக்கு இதெல்லாம் கைவந்த வேலை. வடிகட்டும், கூட்டும், சராசரி போடும், வரைபடத்துக்கும் போகும். ஆனால் யார் முன்னே, யார் பின்னே என்ற அக்கறை அதற்குக் கிடையாது. எடைப்படி ஒரு தடவை அடுக்கிவிட்டால் பழைய ஒழுங்கு போய்விடும். கியூ தன் இடங்களை எங்கேயும் எழுதி வைப்பதில்லை. அது நிற்கிற விதத்திலேயே அந்தத் தகவல் இருக்கிறது. அட்டவணையில் எழுதி வைத்தது மட்டும்தான் தகவல். ஆகவே கியூ சும்மா தெரிந்து வைத்திருந்த ஒவ்வொன்றையும் நாம்தான் ஒரு பத்தியாக, அதாவது அட்டவணையின் நெடுவரிசையாக, எழுதியாக வேண்டும். கீழே வரும் படிகளில் பாதி இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

ஆர் மொழியில் கியூ எங்கே இருக்கிறது?

ரோஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய மொழி ஆர். புள்ளியியல்காரர்களுக்காகப் பிறந்ததால் அட்டவணையை வைக்கும் டேட்டா ஃபிரேம் அதன் உடம்போடு ஒட்டி வருகிறது. கியூ அப்படி வருவதில்லை. மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எடுப்போம்.

ஒன்று, சாதாரண லிஸ்ட். கடைசியில் ஒன்று சேர்ப்பது, முதலாவதை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது. நூறு, இருநூறு லோரிகளுக்கு இது தாராளமாகப் போதும்.

இரண்டு, கலெக்ஷன்ஸ் என்ற, கூடுதலாக நிறுவிக்கொள்ளும் தொகுப்பு. அதில் புஷ் (சேர்ப்பது), பாப் (எடுப்பது), பீக் (எட்டிப் பார்ப்பது), சைஸ் (எண்ணிக்கை), ஆஸ்_லிஸ்ட் (லிஸ்ட்டாகத் தருவது) எல்லாம் தயாராக இருக்கும். வேகமானது. இதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்: இந்தக் கியூவை வேறொரு பெயருக்குக் கொடுத்தால் நகல் உருவாகாது. ஒரே கியூவுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். ஒரு பெயரில் பாப் செய்தால் மற்றதிலும் காணாமல் போகும்.

மூன்று, ஆர்ஸ்டாக்டெக் என்ற தொகுப்பு. இதன் குணம் நேர் எதிர். முன்னால் இருப்பதை நீக்கச் சொன்னால் பழைய கியூவைத் தொடாது, நீக்கிய நிலையில் புதியதொன்றைக் கொடுக்கும். 7 மணி நிலவரம், 8 மணி நிலவரம் என்று இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள இது அருமை. டேட்டா ஃபிரேமாக நேரடியாக மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் ஒவ்வோர் உறுப்பும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், பெயர்கள் முரண்படக் கூடாது. கீழே சொல்லும் பொறிகள் இங்கேயும் பொருந்தும்.

நான் கலெக்ஷன்ஸ் கியூவை வைத்தே சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் இரண்டாம் படி மட்டும்தான் மாறும்.

முதல் படி: கேள்வியைத் தீர்மானியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். உங்களுக்கு வேண்டியது இப்போது நிற்பவர்களின் அட்டவணையா, இன்று வந்த எல்லாருடைய அட்டவணையா?

கியூவில் இருப்பது நிற்பவர்கள் மட்டும்தான். இறக்கிவிட்டுப் போன லோரியைப் பாப் செய்தபோதே அது கியூவை விட்டுப் போய்விட்டது. நாள் முழுக்க ஓடிய கியூவைச் சாயங்காலம் மாற்றிப் பார்த்தால் வெறும் அட்டவணைதான் கிடைக்கும். எனவே ஆரம்பத்திலேயே பக்கத்தில் இன்னொரு லிஸ்ட் வையுங்கள். நான் அதற்குப் 'போனவை' என்று பெயர் வைப்பேன். கியூவிலிருந்து ஒன்றை எடுக்கும்போதெல்லாம், இறக்கிய நேரத்தையும் வெறும் லோரியின் எடையையும் அதோடு சேர்த்துப் போனவை லிஸ்ட்டின் கடைசியில் வைத்துவிட வேண்டும்.

நான் ஆலையில் செய்த தப்பு, போனவை லிஸ்ட்டை மட்டும் அட்டவணையாக்கியது. கியூவை மட்டும் அட்டவணையாக்குவது அதன் மறுபக்கத் தப்பு. காத்திருப்பைப் பற்றிப் பேச இரண்டும் வேண்டும்.

இரண்டாம் படி: கியூவைக் கலைக்காமல் லிஸ்ட் ஆக்குங்கள்

நிறையப் பேர் எழுதுவது இப்படி: கியூ காலியாகும் வரை பாப் செய், ஒவ்வொன்றையும் அட்டவணையில் சேர். வேலை நடக்கும். ஆனால் முடியும்போது கியூவில் ஒன்றும் இருக்காது. அடுத்த லோரியைக் கூப்பிடப் போகும் நிரலுக்கு யாருமே நிற்கவில்லை என்று தோன்றும்.

ஆஸ்_லிஸ்ட் எதையும் எடுத்துப் போடாமல், உள்ளே இருப்பதை முன்னிருந்து பின்னாக ஒரு லிஸ்ட்டாகக் கொடுக்கும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அப்புறம் போனவை லிஸ்ட்டையும் இதையும் ஒட்டுங்கள்: முதலில் போனவை, பின்னால் நிற்பவை. இந்த லிஸ்ட்டை 'எல்லாம்' என்று வைத்துக்கொள்வோம்.

கையில் இருப்பது கியூவா, கடைசியில் வந்தது முதலில் போகும் ஸ்டாக்கா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்கை லிஸ்ட் ஆக்கினால் கடைசியாக வந்ததுதான் முதலில் வரும். முதல் உறுப்பின் நேரமும் கடைசி உறுப்பின் நேரமும் எது முந்தியது என்று கண்ணால் பார்ப்பது பத்து விநாடி வேலை.

மூன்றாம் படி: உறுப்புகளின் உருவத்தைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே நேரம் எடுத்துப் படிக்க வேண்டிய இடம் இது. நம்மிடம் நான்கு லோரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நேரம் 7:40. எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை.

டோக்கன் 17: வந்தது 6:42, பிரிவு 3, பழத்தோடு எடை 14,360 கிலோ, வெறும் எடை 5,120, இறக்கியது 6:55.

டோக்கன் 18: வந்தது 6:49, பிரிவு 1, பழத்தோடு 13,880, வெறும் எடை 5,040, இறக்கியது 7:10.

டோக்கன் 19: வந்தது 7:03, ஒரு சிறு தோட்டக்காரரின் லோரி, பழத்தோடு 8,150, வெறும் எடை 3,310, இறக்கியது 7:26.

டோக்கன் 20: வந்தது 7:05, பிரிவு 3, பழத்தோடு 14,020. இறக்கும் மேடை கோளாறாகி நின்றுவிட்டதால் வெறும் எடையும் இல்லை, இறக்கிய நேரமும் இல்லை.

இந்த நான்கும் கியூவுக்குள் எந்த உருவத்தில் போயின என்பதைப் பொறுத்து நான்கு பொறிகள் காத்திருக்கின்றன.

முதல் பொறி, சி கட்டளையால் கட்டிய வெக்டர், அதாவது மதிப்புகளின் வரிசை. வெக்டருக்குள் எல்லாம் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பது ஆரின் விதி. "பிரிவு 3" என்ற எழுத்தும் 14360 என்ற எண்ணும் ஒரே வெக்டரில் சேர்ந்தால் எண்ணும் எழுத்தாகிவிடும். வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டும் ஆர்பைண்ட் கட்டளையைப் போட்டு அட்டவணையைத் திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். இப்போது "அதிக எடை எது?" என்று மேக்ஸ் கட்டளையிடம் கேளுங்கள். 8150 என்று சொல்லும்! எழுத்தாக ஒப்பிடும்போது 8 என்பது 1-ஐவிடப் பெரியது. இருப்பதிலேயே சின்ன லோரி முதலிடத்துக்கு வந்துவிடும். கூட்டச் சொன்னாலாவது பிழை என்று நின்றுவிடும். மேக்ஸ் நிற்காது, தப்பான பதிலை அமைதியாகக் கொடுக்கும். ஆகவே கலப்புத் தகவலை எப்போதும் லிஸ்ட் கட்டளையால்தான் கட்ட வேண்டும்.

இரண்டாம் பொறி, லிஸ்ட்டுகளை அப்படியே ஆர்பைண்ட் செய்வது. லிஸ்ட்டின் உறுப்புகளை மொத்தமாக ஒரு கட்டளைக்குக் கொடுக்கும் டூ.கால் வழியாக ஆர்பைண்டிடம் 'எல்லாம்' லிஸ்ட்டைக் கொடுத்தால் அழகான சதுரம் ஒன்று வரும். ஆனால் அது டேட்டா ஃபிரேம் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குட்டி லிஸ்ட் உட்கார்ந்திருக்கும் மேட்ரிக்ஸ். அதை டேட்டா ஃபிரேம் ஆக்கினாலும் பத்திகள் லிஸ்ட்டாகவே இருக்கும். சராசரி கேட்டால் எச்சரிக்கையோடு என்ஏ (மதிப்பு தெரியவில்லை) வரும். எஸ்டிஆர் கட்டளையைப் போட்டுப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். அட்டவணை உருவான கையோடு எஸ்டிஆர் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பொறி, இடம் மாறிய தகவல். டோக்கன் 19-ஐப் பதிந்தவர் வெறும் எடையை முன்னாலும் பழ எடையைப் பின்னாலும் எழுதியிருந்தால்? வெக்டர்களையும் லிஸ்ட்டுகளையும் ஒட்டும்போது ஆர்பைண்ட் பெயரைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறது. 3,310-லிருந்து 8,150-ஐக் கழித்து நிகர எடை −4,840 கிலோ என்று வரும். இது கழித்தல் குறியாவது காட்டிக்கொடுக்கும். வந்த நேரமும் இறக்கிய நேரமும் இடம் மாறினாலும் அப்படித்தான். ஆனால் பிரிவும் டிரைவர் பெயரும் இடம் மாறினால் காட்டிக்கொடுக்க ஒன்றுமே இல்லை. ஒவ்வோர் உறுப்பும் டேட்டா ஃபிரேமாக இருந்தால் ஆர்பைண்ட் பெயர் பார்த்துப் பொருத்தும், பெயர் ஒத்துவராவிட்டால் பிழை சொல்லும்.

இதோடு சேர்ந்தது, வெக்டர்களின் நீளம் வித்தியாசப்படும்போது ஆர் செய்யும் வேலை. ஆறு பத்தி வேண்டிய இடத்தில் மூன்று மட்டும் இருந்தால் அதே மூன்றை மறுபடி நிரப்பிவிடும். சரியாக வகுபடுவதால் எச்சரிக்கைகூட வராது.

நான்காவதில்தான் புதிதாக வருபவர்கள் அதிகமாக விழுகிறார்கள்: நல் என்பதும் என்ஏ என்பதும் ஒன்றில்லை. என்ஏ என்றால் "இந்த இடம் உண்டு, மதிப்பு தெரியவில்லை." நல் என்றால் இடமே இல்லை. டோக்கன் 20-இன் வெறும் எடைக்கு நல் போட்டால், அதை டேட்டா ஃபிரேம் ஆக்கும்போது அந்தப் பத்தியே காணாமல் போகும். அப்புறம் பத்திகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று ஆர்பைண்ட் நின்றுவிடும். இன்னும் கிடைக்காத மதிப்புக்கு எப்போதும் என்ஏ போடுங்கள். அதிலும் எண் பத்திக்கு என்ஏ_ரியல்_, எழுத்துப் பத்திக்கு என்ஏ_கேரக்டர்_ என்று இனத்தோடு போட்டால் நல்லது.

நான்கையும் ஒரே இடத்தில் பிடிக்க ஒரு சின்னச் சோதனை எழுதலாம். எல்அப்ளை வழியாக ஒவ்வோர் உறுப்பின் பெயர்களையும் எடுங்கள், நாம் எதிர்பார்க்கும் பெயர்ப் பட்டியலோடு செட்ஈக்வல் கட்டளையால் ஒப்பிடுங்கள், ஒவ்வொரு மதிப்பின் நீளமும் 1 என்று பாருங்கள், எல்லாவற்றையும் ஸ்டாப்இஃப்நாட் உள்ளே வையுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே நிற்கட்டும். ஆலை அலுவலகத்துக்குத் தாள் போன பிறகு தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

நான்காம் படி: பத்தி பத்தியாகக் கட்டுங்கள்

பலரும் வரி வரியாக ஒட்டுவார்கள். எனக்குப் பிடித்தது பத்தி பத்தியாக எடுப்பது. அதற்கான கட்டளை வீஅப்ளை. 'எல்லாம்' லிஸ்ட்டின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் பழ எடையைப் பெயர் சொல்லி எடு, ஒவ்வொன்றும் ஒரே ஓர் எண்ணாக இருக்க வேண்டும் என்று அதனிடம் சொல்லலாம். நியூமெரிக்(1) என்று மூன்றாவதாகக் கொடுப்பது இந்த நிபந்தனைதான். எழுத்து வந்தால் ஏற்காது. நல் வந்தாலும் ஏற்காது. நான்காவது உறுப்பின் நீளம் 0 என்று உறுப்பின் எண்ணையே பிழைச் செய்தியில் சொல்லிவிடும். பெயர் சொல்லி எடுப்பதால் இடம் மாறிய தொல்லையும் இல்லை. எஸ்அப்ளை என்று இன்னொன்று உண்டு. அது விட்டுக்கொடுத்துப் போகும், கிடைத்த உருவத்தில் எதையாவது தந்துவிடும். இந்த வேலைக்கு அது வேண்டாம்.

டோக்கன், பிரிவு, பழ எடை, வெறும் எடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீஅப்ளை. எல்லாவற்றையும் டேட்டா.ஃபிரேம் கட்டளைக்குள் வைத்தால் அட்டவணை தயார்.

நேரப் பத்திகளுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. ஆர் நேரத்தைப் பாசிக்ஸ்சிடி என்ற உருவத்தில் வைக்கிறது; உள்ளே அது 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கை. வீஅப்ளை அந்த மேல்சட்டையைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் தரும். 6:42 என்பது பத்து இலக்க எண்ணாக வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். ஆஸ்.பாசிக்ஸ்சிடி வழியாக மறுபடி நேரமாக்கலாம். ஆரிஜின் 1970-01-01, நேர மண்டலம் ஏசியா/கோலாலம்பூர். மண்டலத்தை எழுதாமல் விட்டால் கணினியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால் காலை 6:42, முந்தின நாள் இரவு 10:42 ஆகிவிடும். பழைய தோட்டப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1-க்கு முன் பல வருஷம் நேரம் இப்போதையதைவிட அரை மணி பின்தங்கியிருந்தது. மண்டலத்தைச் சரியாகக் கொடுத்தால் அதையும் ஆர் பார்த்துக்கொள்ளும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. டிப்ளையர் தொகுப்பின் பைண்ட்_ரோஸ், டேட்டா.டேபிள் தொகுப்பின் ஆர்பைண்ட்லிஸ்ட் இரண்டுமே பெயருள்ள லிஸ்ட்டுகளை நேராக அட்டவணையாக்கும். பைண்ட்_ரோஸ் இல்லாத பத்திக்கு என்ஏ நிரப்பும். ஆர்பைண்ட்லிஸ்ட்டில் ஃபில் என்பதை ட்ரூ ஆக்கினால் அதுவும் நிரப்பும். லட்சக்கணக்கில் வரிகள் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். எண்ணும் எழுத்தும் ஒரே பத்தியில் மோதும்போது பைண்ட்_ரோஸ் பிழை சொல்லும், ஆர்பைண்ட்லிஸ்ட் எழுத்தாக மாற்றிவிட்டுப் போகும். வேகம் தேவைப்படாத வரை கண்டிப்பானதே எனக்குப் பிடிக்கும்.

எதை எடுத்தாலும் அட்டவணையை ஒரே தடவையில் கட்டுங்கள். லோரி வர வர ஒவ்வொரு வரியாக டேட்டா ஃபிரேமில் ஆர்பைண்ட் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் முழு அட்டவணையும் புதிதாக நகலெடுக்கப்படும். 10,000 வரிகள் சேர்ப்பதற்குள் 5 கோடிக்கும் மேற்பட்ட வரிகளை நகலெடுத்திருப்பீர்கள். சேர்ப்பது கியூவின் வேலை, அதை அதனிடமே விடுங்கள்.

ஐந்தாம் படி: கியூவுக்கு மட்டும் தெரிந்ததைப் பத்தியாக எழுதுங்கள்

முதலில் இடம். சீக்_லென் கட்டளையால் 1 முதல் உறுப்புகளின் எண்ணிக்கை வரை ஒரு பத்தி. "வந்த நேரம்தான் இருக்கிறதே, இடம் எதற்கு?" என்று கேட்கலாம். ஒரே நிமிடத்தில் இரண்டு லோரிகள் வரும். தவிர, ஏதாவது காரணத்துக்காக ஒரு லோரியை முன்னால் விட்டிருப்பார்கள். கியூவில் நின்ற இடமும் வந்த நேரமும் தனித்தனிப் பத்திகளாக இருந்தால்தான் யார் யாரைத் தாண்டிப் போனார்கள் என்று கேட்க முடியும். இடப்படி அடுக்கி, வந்த நேரப் பத்தியை இஸ்.அன்சார்ட்டெட் என்று கேளுங்கள். ட்ரூ என்று வந்தால் எங்கோ முறை மாறியிருக்கிறது. கியூ எழுதாமல் மறைத்து வைத்திருந்த ஒரு நியாயக் கேள்வியை அட்டவணை இப்படி வெளியே கொண்டுவரும்.

இதில் ஒரு கவனம்: 1 முதல் நீளம் வரை என்று இரட்டைப்புள்ளி போட்டு எழுதாதீர்கள். கியூ காலியாக இருக்கும் நாளில் அது 1, 0 என்று இரண்டு எண்களைத் தரும். சீக்_லென் ஒன்றும் தராது, அதுதான் சரி.

அடுத்து நிலை. இறக்கி முடிந்ததா, இல்லையா? இறக்கிய நேரம் என்ஏ-வாக இருந்தால் இல்லை. இந்த ஒரு பத்திதான் அன்றைக்கு என் தாளில் இல்லாதது.

பிறகு காத்திருப்பு. முடிந்த லோரிக்கு, இறக்கிய நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். நிற்கும் லோரிக்கு, இப்போதைய நேரத்திலிருந்து வந்த நேரத்தை. வெறும் கழித்தல் குறி போட்டால் விடை விநாடியா, நிமிடமா, மணியா என்று ஆர் தானே தீர்மானிக்கும். நேற்று நிமிடத்தில் வந்தது இன்று மணியில் வரலாம். டிஃப்டைம் கட்டளையில் அலகை நிமிடம் என்று எழுதிக் கொடுங்கள். எல்லாம் சேர்ந்ததும் அட்டவணை இப்படி நிற்கும்:

| இடம் | டோக்கன் | வந்தது | நிகர எடை (கிலோ) | முடிந்ததா | காத்திருப்பு (நிமிடம்) |
|---|---|---|---|---|---|
| 1 | 17 | 6:42 | 9,240 | ஆம் | 13 |
| 2 | 18 | 6:49 | 8,840 | ஆம் | 21 |
| 3 | 19 | 7:03 | 4,840 | ஆம் | 23 |
| 4 | 20 | 7:05 | என்ஏ | இல்லை | 35 |

ஆறாம் படி: நிற்பவர்களைக் கணக்கில் வையுங்கள்

முடிந்த மூன்று லோரிகளின் சராசரி (13 + 21 + 23) ÷ 3, அதாவது 19 நிமிடம். நான் ஆலைக்குக் கொண்டுபோன தாளில் இருந்தது இந்த மாதிரி எண்தான். நான்காவதையும் சேர்த்தால் 92 ÷ 4, 23 நிமிடம். இந்த 23-உம் முழு உண்மை இல்லை. டோக்கன் 20 இன்னும் நிற்கிறது. அதன் காத்திருப்பு 35 அல்ல, குறைந்தது 35. ஆகவே சராசரியும் குறைந்தது 23.

நிற்பவர்களை விட்டுவிட்டால் விடை பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் சாயும். எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும், அதிக நேரம் காத்திருப்பவர்கள்தான் இன்னும் நின்றுகொண்டிருக்க அதிக வாய்ப்பு. அவர்களை வெட்டிவிட்டுப் போடும் சராசரி ஆலைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும், டிரைவரின் காலையை மறைத்துவிடும்.

புள்ளியியலில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. எட்வர்ட் கப்லான், பால் மையர் இருவரும் 1958-இல் வெளியிட்ட முறை. நோயாளிகளின் உயிர்வாழ்நாளைக் கணிக்க உலகமெங்கும் பயன்படுவது அதுதான். ஆய்வு முடியும்போது உயிரோடு இருப்பவரின் வாழ்நாள் "குறைந்தது இவ்வளவு" என்றுதான் தெரியும். நிற்கும் லோரியின் காத்திருப்பும் அதே மாதிரிதான். ஆர் மொழியில் சர்வைவல் என்ற தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது. சர்வ் கட்டளைக்குக் காத்திருப்புப் பத்தியையும் முடிந்ததா பத்தியையும் கொடுங்கள், அதைச் சர்வ்ஃபிட்டிடம் கொடுங்கள். இத்தனை நிமிடத்துக்குப் பிறகும் நின்றுகொண்டிருப்போரின் பங்கு எவ்வளவு என்று படிக்கட்டு மாதிரி ஒரு கோடு வரும். நிற்பவர்களும் அந்தக் கோட்டுக்குள் இருப்பார்கள்.

இதில் பழத்தின் கதையும் இருக்கிறது. வெட்டிய குலையில் நேரம் ஆக ஆக, எண்ணெயின் தரத்தைக் குறைக்கும் தனித்த கொழுப்பமிலம் ஏறும், அடிபட்ட பழத்தில் இன்னும் சீக்கிரம் ஏறும். அதனால்தான் வெட்டி 24 மணி நேரத்துக்குள் வேகவைக்கப் பார்க்கிறார்கள். கச்சா செம்பனை எண்ணெயில் அந்த அமிலம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வியாபாரத்தில் வழக்கமான வரம்பு. கியூவில் வெயிலில் நிற்கும் ஒவ்வொரு மணியும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

ஏழாம் படி: காலிக் கியூவையும் சோதியுங்கள்

மழை நாளில் காலை 6 மணிக்கு நிரல் ஓடுகிறது, ஒரு லோரிகூட வரவில்லை. டூ.கால் வழியாக ஆர்பைண்ட் செய்திருந்தால் கிடைப்பது நல். அதன் வரிகளின் எண்ணிக்கையைக் கேட்டால் 0 வராது, மறுபடி நல்தான் வரும். அடுத்த இஃப் கட்டளை உடையும். வீஅப்ளை முறையில் இந்தப் பிரச்சினை இல்லை. பத்திகளின் பெயரும் இனமும் அப்படியே இருக்க, 0 வரிகளோடு அட்டவணை வரும். ஒரு தடவை காலிக் கியூவைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள், ஒரே ஓர் உறுப்போடும் ஓட்டிப் பாருங்கள்.

எட்டாம் படி: சேமிப்பு

அடுத்த நாள் ஆர் மொழியிலேயே திறக்கப் போகிறீர்கள் என்றால் சேவ்ஆர்டிஎஸ். நேர மண்டலம், பத்திகளின் இனம் எல்லாம் அப்படியே இருக்கும். அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் சிஎஸ்வி. ரைட்.சிஎஸ்வி கட்டளையில் ரோ.நேம்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லையென்றால் பெயரில்லாத ஓர் எண் பத்தி முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், அதை இடப் பத்தி என்று யாராவது நினைத்துவிடுவார்கள்.

தமிழில் பத்திப் பெயர் வைத்த கோப்பை எக்செல்லில் நேராகத் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். கோப்பின் தலையில் இருக்க வேண்டிய சின்ன அடையாளக் குறி இல்லாததுதான் காரணம். ரீடர் என்ற தொகுப்பின் ரைட்_எக்செல்_சிஎஸ்வி அந்தக் குறியைச் சேர்த்தே எழுதும். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். எழுதிய கோப்பை மறுபடி படித்து, வரிகளின் எண்ணிக்கை போனவை லிஸ்ட்டின் நீளத்தோடு கியூவின் சைஸைக் கூட்டினால் வருவதற்குச் சமமா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

அந்த எடை மேடைக் கிராணி இப்போதும் தாளை வாங்கியதும் முதலில் கடைசி வரியைத்தான் பார்க்கிறார். பிறகு ஜன்னல் வழியே நிற்கும் லோரிகளை ஒவ்வொன்றாக எண்ணி, தாளில் டிக் போட்டுக்கொள்கிறார்.